‘நெட் ஸ்லோ’: 30 பேர் அலுவலகத்தின் நெட்வொர்க் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது முப்பது பேர், ஒரு ஷேர் ஃபோல்டர், ஒரு கணக்கு மென்பொருள், நாலைந்து ஐபி ஃபோன், தினம் இரண்டு மூன்று வீடியோ கால், வேறு ஊரில் ஒரு கிளை. இந்த அளவு அலுவலகத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. ‘நெட் ஸ்லோ’ என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அலுவலகச் சுவருக்கு உள்ளேதான் கிடக்கும். அதனால் உள்ளிருந்தே தொடங்குகிறோம்.

எல்லாரும் ‘நெட் ஸ்லோ’ என்கிறார்கள். முதலில் எதைப் பார்ப்பது?

இணைய நிறுவனத்துக்கு ஃபோன் போடும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். புகார் சொன்னவரின் கணினியிலேயே உட்கார்ந்து, கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ரவுட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் அது 192.168.1.1, பிங் (பதில் திரும்பும் நேரத்தைக் காட்டும் கட்டளை) கொடுங்கள். நூறு தடவையாவது போகட்டும். கேபிளில் இருக்கும் கணினி என்றால் 1 மில்லிசெகண்டுக்குள் பதில் வர வேண்டும், ஒன்றுகூடத் தவறக் கூடாது. வைஃபை என்றால் 2 முதல் 10 வரை ஏறி இறங்கும், அது இயல்பு. இங்கேயே 200, 300 என்று எகிறினால் கோளாறு உங்களிடம்தான். 100 எம்பிபிஎஸ் பிளானை 300 ஆக்கினால் காசுதான் போகும்.

ரவுட்டர் வரை சுத்தம் என்றால் அடுத்து வெளியே, கூகுளின் 8.8.8.8 முகவரிக்குப் பிங். இங்கே பதில் தவறினால் இணைய நிறுவனத்தைக் கூப்பிடலாம். கையில் எண்ணிக்கையோடு பேசினால் புகாரைத் தட்டிக்கழிப்பது அவர்களுக்கும் கஷ்டம். இதுவும் சரி, ஆனால் தளங்கள் திறக்கத் தொடங்கவே இழுக்கிறது என்றால், தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸைப் பாருங்கள். ஷேர் ஃபோல்டர் மட்டும் மெதுவாகத் திறக்கிறதா? அதற்கும் இணையத்துக்கும் சம்பந்தமே இல்லை. வெளி லைன் அறுந்து கிடந்தாலும் ஷேர் ஃபோல்டர் ஓட வேண்டும்.

ஒரே ஒரு கணினியில் மட்டும் ஃபைல் காப்பி ஆக நேரமாகிறது. ஏன்?

அந்தக் கணினியின் நெட்வொர்க் அடாப்டர் ஸ்டேட்டஸைத் திறந்து, வேகம் 1 ஜிபிபிஎஸ் என்று இருக்கிறதா, 100 எம்பிபிஎஸ் என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஜிகாபிட்டுக்குக் கேபிளில் உள்ள நான்கு ஜோடிகளும் வேண்டும். ஒரு கம்பி விட்டுப்போனாலும் பல நேரம் இணைப்பு அறுவதில்லை, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். 2 ஜிபி ஃபைல் ஜிகாபிட்டில் சுமார் 20 செகண்ட். 100-இல் மூன்று நிமிடம்.

பெரும்பாலும் கனெக்டரில்தான் கோளாறு. 568 பி வரிசையில் கிரிம்ப் செய்யுங்கள்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி நீலத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். ‘பச்சைக்குப் பக்கத்தில் பச்சை’ என்று அழகாக அடுக்கிவிட்டால், மலிவு டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும், வேகம் மட்டும் வராது. முறுக்கைக் கனெக்டருக்கு 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். ஒரு ஓட்டத்தின் மொத்த நீளம் 100 மீட்டர். சுவருக்குள் 90, இரு முனையிலும் சேர்த்துப் பேட்ச் கார்டுக்கு 10. வாங்கும்போது முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள் விலை குறைவுதான். மடக்கினால் உடையும், பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியே சாதனத்துக்குத் தரும்) மின்சாரம் போனால் சூடாகும்.

திடீரென்று மொத்த ஆபீஸும் நின்றுவிட்டது. ஸ்விட்சில் எல்லா விளக்கும் ஒன்றாகப் படபடக்கிறது.

லூப். மேசைக்கடியில் தொங்கிய கேபிளின் மறுமுனையை யாரோ ‘கழன்று கிடக்கிறதே’ என்று அதே ஸ்விட்சில் செருகியிருப்பார்கள். எல்லாருக்கும் என்று அனுப்பப்படும் பிராட்காஸ்ட் ஃப்ரேம் அந்த வட்டத்தில் ஓயாமல் சுற்றும். ஐபி பாக்கெட்டுக்கு இருப்பதுபோல ‘இத்தனை தாண்டலுக்குப் பிறகு செத்துப்போ’ என்ற எண்ணிக்கை ஈதர்நெட் ஃப்ரேமுக்கு இல்லை. சில நொடிகளில் நெட்வொர்க் நிரம்பிவிடும்.

கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். படபடப்பு அடங்கும் இடத்தில் இருப்பதுதான் குற்றவாளி. நிரந்தரத் தீர்வு, செட்டிங் மாற்றக்கூடிய மேனேஜ்டு ஸ்விட்ச் வாங்கி ஸ்பேனிங் ட்ரீயை ஆன் செய்வது. 1985-இல் ரேடியா பெர்ல்மன் வகுத்த முறை அது. வட்டத்தைக் கண்டுபிடித்து ஒரு போர்ட்டை அடைத்துவிடும். மேசைக்கு மேசை வைத்திருக்கும் ஐந்து போர்ட் குட்டி ஸ்விட்சுகளில் பொதுவாக இது கிடையாது.

நாலு பேருக்கு மட்டும் பிரிண்டர் தெரியவில்லை, மற்றவர்களுக்குத் தெரிகிறது.

அந்த நாலு பேரின் ஐபி முகவரியைப் பாருங்கள். ஆபீஸ் முழுக்க 192.168.1 வரிசையில் இருக்க, இவர்கள் 192.168.0 வரிசையில் இருந்தால், யாரோ வீட்டு வைஃபை ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து செருகியிருக்கிறார்கள். அதுவும் தன் பங்குக்கு முகவரி வழங்கிக்கொண்டிருக்கிறது. அதைக் கழற்றுங்கள், ஸ்விட்சில் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் (வேறு சாதனம் முகவரி வழங்குவதைத் தடுக்கும் வசதி) இருந்தால் ஆன் செய்யுங்கள்.

முகவரி 169.254 என்று தொடங்கினால் கதை வேறு. முகவரி கேட்டும் யாரும் கொடுக்கவில்லை என்று பொருள். கேபிள் கோளாறாக இருக்கலாம். வழங்க முகவரியே மிச்சமில்லாமலும் இருக்கலாம். 192.168.1 வரிசையில் மொத்தம் 254 முகவரிகள்தான். விருந்தாளிகளின் செல்ஃபோன்களுக்கு 24 மணி நேரக் குத்தகை தேவையில்லை, இரண்டு மணி நேரம் போதும்.

வைஃபையில் ஐந்து கட்டமும் காட்டுகிறது, ஆனால் ஓடவில்லை.

கட்டம் சொல்வது சிக்னலின் பலத்தை மட்டுமே. வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். மூலையில் இருக்கும் ஒரு பழைய லேப்டாப் மெதுவாகப் பேசினால் அத்தனை பேரும் அதற்காகக் காத்திருப்பார்கள்.

2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய மூன்று சானல்கள்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை. ‘பக்கத்துக் கடை 6-இல் இருக்கிறது, நான் 4-க்குப் போகிறேன்’ என்றால் இரண்டு பேருக்கும் கெடும். லேப்டாப்புகளை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். செங்கல் சுவர் ஒன்றைத் தாண்டலாம், இரண்டாவதில் தளர்ந்துவிடும். எனவே கூடத்துக்கு ஒன்று, மீட்டிங் அறைப் பக்கம் ஒன்று என்று இரண்டு ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை சிக்னல் தரும் பெட்டி) வையுங்கள், இரண்டுக்கும் கேபிள் இழுங்கள். சாதாரண ரிப்பீட்டர் வாங்கிச் செருகுவது வேகத்தைப் பாதியாக்கும் வேலை. ஆக்சஸ் பாயிண்டின் பவரை உச்சத்தில் வைக்காதீர்கள். வைத்தால் மீட்டிங் அறைக்குள் நுழைந்த பிறகும் லேப்டாப் கூடத்து ஆக்சஸ் பாயிண்டையே பிடித்துத் தொங்கும்.

இடம் மாறாத கணினி எதுவும் வைஃபையில் இருக்க வேண்டியதில்லை.

வீடியோ கால் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று குரல் ரோபோ மாதிரி ஆகிவிடும். ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 100 காட்டுகிறது.

அந்த 100 டவுன்லோடு. அப்லோடு எவ்வளவு? 20 என்று வைத்துக்கொள்வோம். டிசைன் பிரிவில் ஒருவர் 4 ஜிபி ஃபோட்டோக்களைக் கிளவுடில் போடுகிறார். முழு வேகத்தில் போனாலே 27 நிமிடம். அவ்வளவு நேரமும் ரவுட்டரில் அனுப்பக் காத்திருக்கும் பாக்கெட்டுகள் வரிசை கட்டி நிற்கும். உங்கள் குரல் அந்த வரிசையின் வாலில் போய் நிற்கும். குரலுக்குத் தேவையான வேகம் மிகக் கொஞ்சம். ஆனால் அது நேரத்துக்குப் போக வேண்டும். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியுவின் ஜி.114 பரிந்துரை. அதைத் தாண்டினால் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுவார்கள்.

சோதிப்பது சுலபம். 8.8.8.8-க்குப் பிங் ஓடவிட்டுக்கொண்டே ஒரு பெரிய ஃபைலை அப்லோடு செய்யுங்கள். 15-இல் இருந்த எண் 500, 800 என்று ஏறினால் இதுதான் நோய்.

மருந்து: ரவுட்டரில் எஸ்கியூஎம் அல்லது ஸ்மார்ட் கியூ என்று ஒரு வசதி இருக்கும். அதை ஆன் செய்து, அப்லோடு எல்லையை அளந்து பார்த்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்துக்கு வையுங்கள். 20 என்றால் 17 அல்லது 18. கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுக்கிறீர்கள். பதிலுக்கு வரிசை உங்கள் ரவுட்டரின் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது, சின்னப் பாக்கெட்டுகள் முந்திப் போகின்றன. பழைய ரவுட்டர் இந்த வேலைக்குத் திணறி மொத்த வேகத்தையும் குறைக்கலாம். ஆன் செய்தபின் மறுபடி அளந்து பாருங்கள். அப்படி ஒரு வசதியே இல்லையென்றால் கிளவுட் மென்பொருளின் செட்டிங்கில் அப்லோடு வேகத்தைக் கட்டுங்கள், பேக்கப்பை இரவு 8 மணிக்கு மேல் தள்ளுங்கள்.

ஐபி ஃபோனில் நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கவில்லை.

ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற செட்டிங்கை ஆஃப் செய்யுங்கள். மணி அடிப்பதும் அழைப்பை எடுப்பதும் எஸ்ஐபி என்ற ஒரு வழியில் போகின்றன, குரல் தனி வழியில் போகிறது. உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு இந்த ஏஎல்ஜி நடுவில் முகவரிகளை மாற்றி எழுதிக் குழப்பும். கால் சரியாக 32 செகண்டில் அறுந்தாலும் இதையே முதலில் சந்தேகிக்கலாம்: ‘எடுத்துவிட்டேன்’ என்பதற்கான உறுதிப் பதில் வந்து சேராவிட்டால் எஸ்ஐபி காத்திருக்கும் நேரம் அது. வெளியே கூப்பிட முடிகிறது, உள்ளே வரும் கால் மட்டும் மணி அடிப்பதில்லை என்றால் இணைப்பை உயிரோடு வைக்க ஃபோன் அனுப்பும் கீப்-அலைவ் செய்தியின் இடைவெளியை 30 செகண்டாக்குங்கள்.

வேகம் போதாது என்ற பயம் வேண்டாம். ஜி.711 என்ற குரல் வடிவத்தில் ஒரு காலுக்கு ஒரு திசையில் சுமார் 87 கேபிபிஎஸ். பத்துக் கால் சேர்ந்தும் 1 எம்பிபிஎஸ் ஆகாது.

எக்செல் ஃபைல் ‘வேறொருவர் திறந்திருக்கிறார்’ என்கிறது. அவரோ லீவில் இருக்கிறார்!

அவருடைய கணினி ஆஃப் ஆகாமல் ஸ்லீப்பில் இருக்கலாம், அல்லது எக்செல் கிராஷ் ஆகிப் பூட்டு மட்டும் எஞ்சியிருக்கலாம். விண்டோஸ் சர்வரில் கம்ப்யூட்டர் மேனேஜ்மெண்ட், ஷேர்டு ஃபோல்டர்ஸ், ஓப்பன் ஃபைல்ஸ் என்று போய் அந்த ஃபைலின் இணைப்பை மூடுங்கள். சேமிக்காத மாற்றம் இருந்தால் போய்விடும். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஒரே ஷீட்டில் நாலு பேர் ஒரே நேரத்தில் எழுதியே ஆக வேண்டும் என்றால் ஷேர் ஃபோல்டர் அதற்கான இடமல்ல; கூகுள் ஷீட்ஸ் அல்லது மைக்ரோசாஃப்ட் 365-க்குப் போங்கள்.

‘இறுதி’, ‘இறுதி 2’, ‘புதிய இறுதி’, ‘இதுதான் இறுதி’ என்று மடலில் சுற்றும் கொட்டேஷனை யாரும் தடுக்க முடியாது, ஃபைல் ஓரிடத்தில் மட்டும் இருந்தாலொழிய. மடலில் ஃபைலுக்குப் பதில் அதன் லிங்க்கை அனுப்பப் பழக்குங்கள். அப்படியே, ஷேரில் ‘எவ்ரிஒன் – ஃபுல் கண்ட்ரோல்’ என்று கொடுத்திருந்தால் எடுத்துவிட்டு, கணக்கு, விற்பனை, நிர்வாகம் என்று குழுக்கள் அமைத்து அனுமதி கொடுங்கள். ஆளுக்கு ஆள் கொடுத்தால், ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது எங்கெல்லாம் அவர் பெயர் இருக்கிறது என்று தேடி முடியாது.

சர்வர் வாங்காமல் சாதாரண விண்டோஸ் 10, 11 கணினியில் ஷேர் வைத்திருக்கிறீர்களா? ஒரே நேரத்தில் 20 இணைப்புகள்தான் அனுமதி. 21-ஆவது ஆளுக்கு மறுப்பு வரும். அதையும் ‘நெட் ஸ்லோ’ என்றுதான் சொல்வார்கள்.

தமிழில் அடித்த கடிதம் அடுத்தவர் கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறது.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்களே. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் போர்த்துகிறது. எழுத்துரு இல்லாத இடத்தில் போர்வை விலகிவிடும். எல்லாக் கணினியிலும் எழுத்துருவைப் போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் ஃபோல்டரில் ‘முருகன்’ என்று தேடினால் அந்தக் கடிதம் ஒருநாளும் கிடைக்காது. தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடு, டேஸ் 16 என்ற எழுத்துக் குறியீட்டு முறைகளுக்கு மாறச் சொல்லிவிட்டது. யூனிகோடுக்கு மாற்றுங்கள். பாமினி விசைப்பலகையில் கை பழகியவர்கள் அதைக் கைவிட வேண்டியதில்லை: என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருளில் பழைய தட்டச்சிலேயே யூனிகோடு வரும்.

இன்னொரு சிக்கல் அதிகம் பேருக்குத் தெரியாது. விண்டோஸ் ஏற்றுக்கொண்ட நீளமான தமிழ் ஃபைல் பெயர், நாஸில் (நெட்வொர்க்கில் இணைத்த ஃபைல் சேமிப்புப் பெட்டி) காப்பி ஆகாமல் பிழை காட்டும். லினக்ஸில் ஓடும் நாஸில் பெயரின் எல்லை 255 பைட். யூனிகோடு தமிழில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட். ‘கி’ என்பதே க, இகரக் குறி என இரண்டு குறியீடு, 6 பைட். மொத்தம் 85 குறியீட்டில் இடம் தீர்ந்துவிடும். என்க்ரிப்ட் செய்த ஃபோல்டர் என்றால் சில நாஸ்களில் 143 பைட்தான், அதாவது 47 குறியீடு. பெயரைச் சுருக்கி வையுங்கள்.

மடலில் 22 எம்பி ஃபைல் போகவில்லை. வரம்பு 25 எம்பி என்றுதானே சொல்கிறார்கள்?

பல மெயில் சர்வர்களில் அந்த வரம்பு மடல் முழுமைக்கும் உரியது. இணைப்புகள் மடலில் எழுத்தாக மாற்றப்பட்டே பயணிக்கின்றன. அப்போது மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். 18 எம்பி வரை பயமில்லை.

எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பிலேயே ஓடுகிறது. போதாதா?

‘லாரி கிளம்பிடுச்சா’ என்று கேட்கப் போதும். ஆர்டர், விலை, ஒப்புதல் ஆகியவற்றுக்குப் போதாது. அவை ஊழியரின் சொந்த ஃபோனில் கிடக்கின்றன; அவர் போனால் அவையும் போகும். படத்தைப் படமாக அனுப்பினால் சுருங்கி, பில்லில் உள்ள எண் மங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

திருப்பூர் ஆபீஸையும் தூத்துக்குடி கிடங்கையும் விபிஎன்னில் (இணையம் வழியே போகும் பூட்டிய தனி வழி) இணைத்தோம். கணக்கு மென்பொருள் திறக்கவே ஒரு நிமிடம் ஆகிறது.

லைன் வேகத்தைக் கூட்டினாலும் இது தீராது. ஃபைலாகவே டேட்டாவை வைத்திருக்கும் மென்பொருள், ஒரு திரையைத் திறக்க ஆயிரம் தடவை ‘அடுத்த துண்டைக் கொடு’ என்று கேட்கும். ஆபீஸுக்குள் ஒரு கேள்விக்கு அரை மில்லிசெகண்ட். ஆயிரத்துக்கும் சேர்த்து அரை செகண்ட். ஊர் விட்டு ஊர் 30 மில்லிசெகண்ட் என்றால் 30 செகண்ட். கேள்வியின் எண்ணிக்கைதான் கொல்கிறது. கிடங்குக்காரர் ரிமோட் டெஸ்க்டாப்பில் திருப்பூர்க் கணினிக்குள் வந்து வேலை செய்யட்டும். திரையின் படம் மட்டும் பயணிக்கும்.

விபிஎன் போடும்போது இன்னும் சில இடங்களில் சறுக்கும். இரண்டு ஊரிலும் 192.168.1 வரிசையே இருந்தால் போக்குவரத்து வழி தெரியாமல் நிற்கும், ஒன்றை 10.10.1, மற்றதை 10.10.2 என்று முன்கூட்டியே பிரியுங்கள். ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தால், இணைய நிறுவனம் பலரை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. வெளியிலிருந்து உங்களை அடைய முடியாது. ஒரு முனையிலாவது ஸ்டாட்டிக் ஐபி வாங்குங்கள். பிங் போகிறது, சின்னப் பக்கங்கள் திறக்கின்றன, பெரிய ஃபைல் மட்டும் உறைந்து நிற்கிறது என்றால் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. வயர்கார்டு வகை விபிஎன் என்றால் 1420-இலிருந்து 1380 என்று இறக்கிப் பாருங்கள்.

விபிஎன் எதற்கு, ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை நேரே திறந்துவிட்டால்?

வேண்டாம். ஃபைல்களைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் கும்பல்கள் உள்ளே வரும் வாசல்களில் முக்கியமானது அது. எண்ணை மாற்றி வைத்தாலும் ஸ்கேன் செய்து கண்டுபிடித்துவிடுவார்கள்.

சிசிடிவி கேமராக்களையும் இதே நெட்வொர்க்கில் போடலாமா?

ஒரே கேபிள், ஒரே ஸ்விட்ச் சரி. ஆனால் தனி விலேன் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) வேண்டும். 4 எம்பிபிஎஸ் அனுப்பும் 16 கேமரா என்றால் இரவு பகலாக 64 எம்பிபிஎஸ். நடுவில் எங்காவது 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் இருந்தால் அதன் பின்னால் இருப்பவர்கள் பாடு திண்டாட்டம். விருந்தாளி வைஃபைக்கும் ஒரு விலேன்.

பிஓஇ ஸ்விட்ச் வாங்கும்போது போர்ட்டுகளை மட்டும் எண்ணாதீர்கள், மொத்த வாட்டையும் பாருங்கள். 60 வாட் ஸ்விட்சில் 15 வாட் ஆக்சஸ் பாயிண்ட் இரண்டும் 5 வாட் ஃபோன் ஆறும் போட்டால் விளிம்பில் நிற்கிறீர்கள். வேலை நேரத்தில் ஒரு ஃபோன் அணைந்து அணைந்து எரியும்.

நாஸில் இரண்டு டிஸ்க் இருக்கிறது. தனியாக பேக்கப் வேண்டுமா?

வேண்டும். இரண்டாவது டிஸ்க், முதலாவது செத்தால் உதவும். நீங்கள் அழித்ததை அதுவும் அந்த நொடியே அழிக்கும். கிளவுட் ஒத்திசைவும் அப்படியே. 2017 மே மாதம் வான்னாக்ரை ரான்சம்வேர் பரவியபோது, ஃபைல் ஷேர் முறையின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1-இன் ஓட்டை வழியாகக் கணினிக்குக் கணினி தாவியது. அந்த எஸ்எம்பி 1 பழைய ஸ்கேனருக்காக இன்னும் பல ஆபீஸ்களில் ஆன் ஆகியே இருக்கிறது. அணைத்துவிடுங்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனம், ஒன்று ஆபீஸுக்கு வெளியே. அதில் ஒன்று கேபிள் கழற்றிய ஹார்ட் டிஸ்க்காக இருக்கட்டும். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு ஃபைலைத் திருப்பி எடுத்துத் திறந்து பாருங்கள். அதுவரை அதை பேக்கப் என்று கணக்கில் வைக்க வேண்டாம்.

கரண்ட் போனால் லேப்டாப் ஓடுகிறது, நெட் மட்டும் போய்விடுகிறது.

ரவுட்டருக்கு மட்டும் யூபிஎஸ் கொடுத்திருப்பீர்கள். ஃபைபர் வந்து முடியும் ஓஎன்டி பெட்டி, ரவுட்டர், ஸ்விட்ச் மூன்றும் யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். ஆக்சஸ் பாயிண்டும் ஃபோனும் பிஓஇயில் இருந்தால் தானாகப் பிழைக்கும். 100 வாட் சுமைக்கு 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்று புதிதாக இருக்கும்போதே அரைமணி கொடுத்தால் அதிகம்.

இரண்டாவது இணைய லைன் எடுத்தும் இரண்டும் ஒன்றாகவே போகிறது.

இரண்டு நிறுவனம், ஒரே கம்பம். எந்த வழியாகக் கேபிள் வருகிறது என்று கேட்டு எடுங்கள். ரவுட்டரில் ‘லைன் இருக்கிறதா’ என்று கேபிளைப் பார்த்து முடிவு செய்யும்படி விடாமல், வெளி முகவரிக்குப் பிங் அடித்துப் பார்க்கும்படி வையுங்கள். மாறும் நொடியில் ஓடிக்கொண்டிருக்கும் கால்கள் பெரும்பாலும் அறும்; வெளி முகவரி மாறுவதால் அதைத் தவிர்க்க முடியாது.

நெட்வொர்க் பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்?

இந்தியாவில் இயங்கும் நிறுவனங்களுக்கு, இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவுப்படி 180 நாள். சைபர் தாக்குதல் நடந்தால் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். ரவுட்டரின் உள் நினைவகம் சில நாளிலேயே நிரம்பிப் பழையதை அழித்துவிடும். பதிவுகளை சிஸ்லாக் வசதி மூலம் நாஸுக்கு அனுப்பும்படி திருப்பிவிடுங்கள். எல்லாச் சாதனத்தின் கடிகாரமும், இணையம் வழியே நேரத்தைச் சரிசெய்யும் என்டிபியில் ஒத்திருக்கட்டும். கேமராவில் ஒரு நேரமும் ரவுட்டரில் ஒரு நேரமும் இருந்தால் 180 நாள் பதிவை வைத்துக்கொண்டு எதையும் பொருத்திப் பார்க்க முடியாது.

கேபிள் போட்டவர் ஊரில் இல்லை. எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர், ஒரு டோன் டெஸ்டர், ஒரு லேபிள் ரோல். ஒருவர் மேசையில் டோனரைச் செருக, மற்றவர் ரேக்கில் கூவும் கேபிளைப் பிடித்து இரு முனையிலும் ஒரே எண்ணை ஒட்ட வேண்டும். எண், மேசை, ஸ்விட்ச் போர்ட், விலேன் என்று நாலு பத்தியில் எழுதி, ஒரு பிரதியை ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். பாஸ்வேர்டை அதில் எழுதாதீர்கள். அது மூடிய உறையில் முதலாளியின் பீரோவில்.